பூப்போட்ட பார்டர்

ஜன்னலுக்குக் கீழே ஓடிய விரிசலின் மேல் பூப்போட்ட சிமென்ட் பார்டரை அழுத்தி ஒட்டினார் கொத்தனார்.

"நல்லா மறைங்க மேஸ்திரி. நாளைக்கு வீடு வாங்க வர்றவன் சரியான ஏமாளி. பூவைப் பார்த்தே மயங்கிடுவான்!" வீட்டுக்காரர் குலுங்கிச் சிரித்தார்.

கொத்தனார் திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் பார்டரின் விளிம்பைத் தேய்த்தார்.

"மாடியில பழைய பார்டர் அசிங்கமா இருக்கு. அதையும் பேர்த்துட்டு இதையே போடுங்க."

"அது இருக்கட்டுங்க."

"சொன்னதைச் செய்யுங்கய்யா!"

கொத்தனார் சாரத்தில் ஏறி, உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். பார்டர் பெயர்ந்து விழுந்தது. பின்னால் அதன் நீளத்துக்கும் விரல் நுழையும் விரிசல்.

வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. "அடப்பாவி! இதை மறைச்சுத்தான் எனக்கு வித்தவன் வீட்டை என் தலையில கட்டினானா? எவன்யா இதை ஒட்டினது?"

"நான்தாங்க," என்றார் கொத்தனார், மேலிருந்தபடியே. "பத்து வருஷமா உங்களுக்கே தெரியலையே. வேலை எப்படி?"