கன்னிப்பேச்சு

“ஒன்பது ஆண்டுகளாக ஒரு சகோதரி நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறாள். ஆலையில் பாய்லர் வெடித்துக் கணவனைப் பறிகொடுத்தவள். அவளுடைய கண்ணீர்தான் என்னை இந்த அவைக்கு அனுப்பியிருக்கிறது.”

நாடாளுமன்றத்தில் வக்கீலின் கன்னிப்பேச்சு. கோர்ட் வராந்தாவில் டீக்காரரின் செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களைத்தான் சொல்றாராம்மா?” என்றார் டீக்காரர்.

“ஆமாண்ணே. கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்.”

வாய் வார்த்தைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. ஆலை முதலாளி எத்தனையோ பேரை விலைக்கு வாங்கியபோதும், அவள் வழக்கை நடத்திய இவர் ஒருவர்தான் மலை மாதிரி நின்றார். அவர் தேர்தலில் நின்றபோது மேடைக்கு மேடை அவளும் ஏறி, தொண்டை கட்டும்வரை ‘எங்கண்ணனுக்கு ஓட்டுப் போடுங்க’ என்று கேட்டாள்.

வேட்புமனு தாக்கலுக்கு முந்தின நாள் அவரே வீடு தேடி வந்தார். “இனிமே நீ அலைய வேண்டாம்மா, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்” என்று நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் தன் வீட்டுக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்ததிலேயே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜெயித்துத் தலைநகர் போனபிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. தலைக்கு மேல் வேலை, பாவம். அடுத்த வாய்தா என்றைக்கென்று கேட்டுக்கொண்டு போகத்தான் அவளே இன்று வந்திருந்தாள்.

செல்போனில் மேசை தட்டும் சத்தம் எழுந்தது. “அந்தச் சகோதரிக்கு நீதி கிடைக்கும்வரை நான் ஓயமாட்டேன்” என்றார் வக்கீல். வராந்தாவில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

உள்ளேயிருந்து கோர்ட் எழுத்தர் கூப்பிட்டார். பதிவேட்டின் ஒரு வரியில் விரலை வைத்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேஸ் நம்பர் சரியாத்தான் சொன்னீங்களா?”

“ஒன்பது வருஷமா மனப்பாடம் சார். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். வாய்தா எப்போ?”

எழுத்தர் பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“வாய்தா ஏதும்மா? நீங்களே கேஸை வாபஸ் வாங்கிட்டீங்களே.”