கேட்டுச் சொல்லுங்க தம்பி

குறை சொல்லாமல் ஒரு பழைய பொருளையாவது நீங்கள் வாங்கியிருக்கிறீர்களா?

சுபின் வாங்கியதே இல்லை. அவன் அப்பா மாட்டுத் தரகர். பிடித்துப்போன மாட்டை ஆசையாக ஒரு பார்வைகூடப் பார்க்கக் கூடாது, பல்லில் குறை, சுழியில் குறை என்று சொல்லிச் சொல்லித்தான் கயிற்றைக் கையில் வாங்க வேண்டும் என்பது அவர் கற்றுக் கொடுத்த பாடம். வள்ளியூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்த பிறகும் சுபின் அதை விடவில்லை.

இப்போது அவன் திருநெல்வேலி டவுணில், மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கார அம்மா பிரம்மநாயகி கொண்டுவந்து வைத்த பொருளை அதே தரகுக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டைத் துல்லியமாகக் கேட்க, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகுகிற ஆம்ப். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். புதிதாக வாங்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. யாராவது பழசைத் தள்ளிவிட மாட்டார்களா என்று மூன்று வருடமாகக் காத்துக் கிடந்தான். 'போன் வேண்டாம், மெசேஜ் மட்டும்' என்று போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்ததும் மெசேஜ் போட்டு விலாசம் வாங்கி, கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

பொருள் பிரம்மநாயகியின் மகன் ஸ்ரீகுமாருடையது. பத்து மாதம் படுக்கையில் கிடந்து, போன ஆவணியில் போய்விட்டானாம்.

"எத்தன வருசத்துப் பொருளும்மா?" என்று குனிந்து திருகாணிகளைப் பார்த்தபடி கேட்டான் சுபின். பதில் வரவில்லை. நிமிர்ந்து மறுபடியும் கேட்டான்.

"மூணு வருசம் ஆவுது. அது கெடக்கட்டும், மொதல்ல கேட்டுச் சொல்லுங்க தம்பி. வெவரம் தெரிஞ்ச ஆளு கேக்கணும்னுதான் வெளம்பரமே போட்டேன்."

அவன் தன் போனைச் செருகப் போனான். அவள் தடுத்து, மகனின் போனையே எடுத்துக் கொடுத்தாள். படுக்கையில் அவன் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறதாம், அதையேதான் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பான், சில நேரம் தன்னால சிரிப்பான் என்றாள்.

சுபின் தன் ஹெட்போனை மாட்டினான். ஒரு வயலின். வில் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வாசிக்கிறவர் மூச்சை இழுத்தது கேட்டது. அவருக்குப் பின்னால் எங்கோ யாரோ நாற்காலியைப் பைய நகர்த்தியது கேட்டது. அவனுக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அவள் பார்த்துவிடாமல் இருக்க, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

ஹெட்போனைக் கழற்றியபோது அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. அடங்கியது, மறுபடி அடித்தது. ஐந்து விசில் வரை அவன் எண்ணினான். பிரம்மநாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் சோறு குழைந்தால் என்ன, கருகினால் என்ன என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன கேட்டுது தம்பி?"

சுபின் உஷாரானான். வாயிலிருந்து நல்லது என்று ஒருதரம் வந்துவிட்டால் அப்புறம் விலை இறங்காது. அதை வரவழைக்கத்தான் பார்க்கிறாள். லேசுப்பட்ட ஆளில்லை.

"ஒண்ணும் சரியில்லம்மா."

வேறு பாட்டை வைக்கச் சொன்னாள். வைத்தான். ஒரு பெண் குரல். இரண்டு வரிகளுக்கு நடுவே பாடுகிறவள் எச்சில் விழுங்கியதுகூடத் தெளிவாக இருந்தது. அவனை அறியாமல் கண் மூடிக்கொண்டது.

"இதுல?"

"இதுலயும் அதே கததான். இரைச்சலு."

"ஒங்க மொகம் அப்பிடிச் சொல்லலியே தம்பி."

ஒரு நிமிடம் சுபினுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. மூன்று வருட ஆசை தடுத்தது.

"காது வலிக்கும்மா, அதான் கண்ண மூடுனேன். உள்ள எல்லாம் போயிட்டு. பாட்டே தெரியல, வெறும் இரைச்சல்தான்."

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. சேலைத் தலைப்பால் அந்தப் பெட்டியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். சுபினுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவிடம் மாட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் முகமும் இப்படித்தான் விழும், அதற்கெல்லாம் பார்த்தால் முடியுமா?

அவன் பாதி விலை சொன்னான்.

"குடுக்கதக் குடுங்க தம்பி."

பணத்தை எண்ணாமலே அலமாரியில் வைத்தாள். மகனின் போனை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கருகல் வாடை அடித்த பிறகுதான் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவன் போயிட்டு வாரேன் என்றது அவள் முதுகுக்குப் போய்ச் சேரவில்லை.

வள்ளியூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. நாங்குநேரி தாண்டும்போது கண் கலங்கிவிட்டது. அத்தனை சுத்தமான சத்தம்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது பிரம்மநாயகியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது.

'தம்பி, எனக்கு இருவது வருசமாக் காது கேக்காது. எம்பிள்ள அந்தப் பத்து மாசமும் வெறும் இரைச்சலத்தான் கேட்டுட்டுக் கெடந்தானா?'