காட்டிக்கொடுத்த காற்று

"இந்த வீட்ல எத்தனை பேரு இருக்கீங்க?"

பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் வாசலிலேயே கேட்டாள் டியூபே அம்மாள். ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த இந்த வீடுகளுக்கு மேற்பார்வை அவள்தான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலமே பனியில் புதைந்து கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா?

ரோவீனா படுக்கையறைக் கதவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டே பேருதான் மேடம். நானும் எங்க வீட்டுக்காரர் எல்வினும்."

"சுவர்ல இருக்கிற கருவி அப்படிச் சொல்லலையே! மூணு நாளா பதினஞ்சு பேரு மூச்சு விடற மாதிரில்ல ஆபீசுக்குக் கணக்கு வருது?"

பாழாய்ப்போன கருவி! சுவர் முழுக்கக் கனமாகப் பஞ்சு அடைத்து, காற்றுப் புகாமல் கட்டிய வீடு. சன்னல் இடுக்கில்கூடக் குளிர் நுழையாது. உள்ளே சேரும் மூச்சுக்காற்றை அளந்து வெளிக்காற்றை இழுக்கும் அந்தக் கருவி வழியாகத்தான் வீடே மூச்சு விடும். அது இப்படிக் கோள் மூட்டும் என்று யார் கண்டது? வெளி ஆளை ஓர் இரவு தங்க வைத்தாலும் வீடு பறிபோய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சக்கரம் வைத்த ஓட்டை ட்ரெய்லர் வீட்டில் வருஷக்கணக்காக நடுங்கிக்கொண்டு காத்திருந்து வாங்கிய வீடு.

"எல்வின் குறட்டை விடுவாரு மேடம். அதுவா இருக்கும்."

"மிச்சம் பதிமூணு பேருக்கும் சேர்த்தா விடறாரு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பெருமூச்சும் விடறேங்க," என்றார் எல்வின் பரிதாபமாக.

டியூபே அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஹீட்டர் ஓடுதா?"

"எதுக்கு மேடம்? ஆளுங்க உடம்புச் சூடே போதும்..." ரோவீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ராத்திரியும் இதே சூடு நிக்குமா?"

"நிக்கும் மேடம்."

அப்போது படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு தும்மல். அடுத்து ஒரு குழந்தையின் வீறல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நேரம்தான் மறைக்க முடியும்? டியூபே அம்மாள் கதவைத் திறந்தாள். அவர்கள் முன்பு இருந்த ட்ரெய்லர் சந்தே உள்ளே இருந்தது. கட்டிலில், தரையில், அலமாரி ஓரத்தில், அவரவர் போர்வையோடு.

ரோவீனாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது.

"பாலத்த மூடிட்டாங்க, கேஸ் லாரி வரல. எல்லார் வீட்லயும் அடுப்பும் ஹீட்டரும் அணைஞ்சு போச்சு. விறைச்சுச் சாகட்டும்னு பாத்துக்கிட்டு நான் மட்டும் காலை நீட்டித் தூங்கவா? வீடு வேணும்னா எடுத்துக்குங்க மேடம். பனி நின்னதும் நானே சாவியக் கொண்டாந்து தர்றேன். இன்னிக்கு மட்டும் யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன்!"

எல்வின் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். டியூபே அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எண்ணுகிறாள், ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தாள் ரோவீனா.

டியூபே அம்மாளின் பார்வை சன்னலோரத்தில் கொஞ்சம் காலியாக இருந்த தரையில் போய் நின்றது.

"அங்க ஒரு நாற்காலி போட முடியுமாம்மா?" என்றாள், தாழ்ந்த குரலில். "எங்க வீட்லயும் கேஸ் தீந்துபோச்சு. எங்கம்மா கார்ல உக்காந்திருக்காங்க."