தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகிற சாலை

பம்ளிமாஸ் பழக்கடைகளைத் தாண்டியும் கலாதேவி காரை நிறுத்தவில்லை.

"தம்புன் பக்கம் போயிட்டு வந்துடலாம், கூட வாங்க" என்றுதான் வீட்டில் சொன்னாள். தம்புனில் எனக்கு வேறு என்ன வேலை? பம்ளிமாஸ் வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பெண்டாட்டி கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பிழைப்பு ஆகிவிட்டது என் பிழைப்பு.

இப்போது கடைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. முன்னால் நீலப் பலகை வந்தது.

தஞ்சோங் ரம்புத்தான்.

பலகையை இன்னொரு முறை படித்தேன்.

பேராக் மாநிலத்தில் பிறந்தவனுக்கு அது ஊர்ப்பெயர் இல்லை, வசவு. மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த வினை. சின்ன வயதில், ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் போதும், "தஞ்சோங்குக்கு அனுப்பிடுவேன்" என்று அம்மா மிரட்டுவாள். சிம்பாங் பூலாயில் கல் லோரி ஓட்டிய காலத்தில், கூட ஓட்டிய ராஜு ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான். "மச்சான், உனக்கு தஞ்சோங்குல கட்டில் போட்டாச்சுலா" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது கட்டில் எனக்கா?

மோட்டார் சைக்கிள் சறுக்கி, தலையில் அடிபட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எலும்பு கூடிவிட்டது, ஸ்கேன் சுத்தம் என்கிறார்கள். சுத்தமாம்! குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு வாய்க்கு வந்துவிடுகிறது. உப்பு கேட்கப் போனால் அந்தச் சொல் கிடைக்காமல் தட்டைப் பார்த்துக் கத்துகிறேன். காலையில் கண் விழித்தால், ஏன்டா விழித்தோம் என்று இருக்கிறது. ரெட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதுபோல் டிப்ரஷன், ஆங்சைட்டி என்று டாக்டர் இரண்டு பெயர் சொன்னார். பெயர் வைத்தவருக்கு என்ன, வளர்க்கிறவன் நானல்லவா!

போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினேன். கலாதேவி குனிந்து துடைத்தாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்திருக்கிறாள். இல்லாவிட்டால் ஏன் இந்தப் பக்கம் வருகிறாள்?

சமிக்ஞை விளக்கு சிவப்பானது, கார் நின்றது. இதுதான் நேரம், இறங்கி ஓடிவிட வேண்டும். ஓடி எங்கே போவது? ராஜுவைக் கூப்பிடலாம். அவன் நம்பர் என்ன? எத்தனையோ வருடம் தினமும் அழுத்திய நம்பர், ஒரு எண்கூட வரமாட்டேன் என்கிறது.

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அது என் மண்டைக்குள்ளேயே அடித்தது.

"பச்ச விழுந்துருச்சு, கண்ணு தெரியலியா? எங்க கொண்டு போறேன்னு வாயத் தொறந்து சொல்லேன்!" என்று கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தாள். கொண்டுபோய்த் தள்ளிவிடப் போகிறவளுக்கு வாய் எப்படி வரும்?

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. இவளும் கைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இனிமேல் கத்த மாட்டேன், எதையும் வீச மாட்டேன், என்னை அங்கே விட்டுவிட்டுப் போய்விடாதே கலா என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சுவதற்குப் பதில் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கார் மருத்துவமனை வாசலுக்குள் திரும்பியது.

காவலுக்கு நின்ற ஜாகா நம் தமிழ் ஆள்தான். கலாதேவி கண்ணாடியை இறக்கினாள். அவன் குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்கக்கா! எப்பவும் தனியாதான வருவீங்க, இன்னிக்கு அண்ணனயும் கூட்டியாந்துட்டீங்களா?"

எப்பவுமா?

பாக்டரியில் ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன நாள்களெல்லாம் இவள் இங்கேயா வந்தாள்?

ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத்தாங்க இங்க மருந்து குடுக்கறாங்க" என்றாள். "டாக்டரு உங்கள ஒருவாட்டி கூட்டியார சொன்னாங்க. வீட்டுல நான் எப்படி இருக்கேன்னு உங்கள கேக்கணுமாம்."

வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள்?

யோசித்தேன். தூங்குகிறாளா? தெரியாது. சாப்பிடுகிறாளா? அதுவும் தெரியாது. ஒரே வீடு, ஒரே கூடம். அடிபட்டதில் மறந்துபோனது என்று டாக்டரிடம் சொல்லிவிடலாம். நம்பிவிடுவார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே கலா. என்னா சொல்லணும்னு நீயே சொல்லு. மெதுவா சொல்லு, எனக்கு மண்டையில நிக்காது."

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே தொடங்கினாள்.

"ராத்திரி தூக்கமே இல்ல" என்றாள்.

"ராத்திரி தூக்கமே இல்ல" என்றேன்.

"சோறு எறங்கல."

"சோறு எறங்கல."

"சில நாளு, வேல முடிஞ்சி வீட்டுக்குத் திரும்பி வரவே புடிக்கல."

அதையும் திருப்பிச் சொன்னேன்.