கிணற்றில் விழுந்த சாவிக்கொத்து

கதாநாயகி வாயைத் திறக்கும் முன்பே, அவள் பேசப்போகிற வசனத்தைப் பேராசிரியை இருட்டில் முணுமுணுத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையில் இருந்த விமர்சகருக்குச் சுருக்கென்றது. திரையில் மூத்த மருமகள் சாவிக்கொத்தைக் கிணற்றுக்குள் வீசிவிட்டு, மாமியார் பக்கம் திரும்பினாள். "இனிமே இந்த வீட்டுல பூட்டி வைக்க என்ன இருக்கு?" என்றாள். பேராசிரியை சொன்னது சொல் பிசகாமல் அதேதான்.

இன்றைக்குத்தான் முதல் திரையிடல். நடுவர்கள் மூன்று பேரும் அதற்குமுன் படத்தைப் பார்க்கக் கூடாது, எடுத்தவர்களோடு பேசவும் கூடாது என்பது விதி. அப்படியிருக்க இந்த அம்மாளுக்கு வசனம் எப்படித் தெரிந்தது?

படம் முடிந்து, அடுத்த அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாவலை உள்ளது உள்ளபடி படமாக்கியவருக்கான விருது அது. மூன்றாவது நடுவரான ஒளிப்பதிவாளர் தாளை இழுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

"போடுங்க சார், பசிக்குது. இதைவிட ஒரு படம் வரப்போகுதா?"

"அந்தச் சாவிக் காட்சி நாவல்ல இல்ல," என்றார் விமர்சகர்.

"நல்லா இருக்கே. நாவலோட உயிரே அதுதான சார். காலேஜ்ல நமக்குப் பாடமா இருந்துச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் உக்காந்து ரெண்டு மணி நேரத்துல முடிச்சேன். அந்த இடம் வந்ததும் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு."

"எனக்கும்தான் முட்டுச்சு. அது எந்தக் கதைக்குன்னுதான் இப்ப கேள்வி."

விமர்சகர் பையிலிருந்து நாவலை எடுத்து மேசையில் வைத்தார். அறுநூற்றுச் சொச்சம் பக்கம், தலையணை மாதிரி. போன வாரம் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்திருந்தார். கிணறு இருந்தது, மாமியார் இருந்தாள். சாவிக்கொத்து மட்டும் கடைசிவரைக்கும் மருமகளின் இடுப்பிலேயே இருந்தது.

சூடு கண்ட பூனை அவர். போன வருஷம் அவர் கையெழுத்துப் போட்டு விருது கொடுத்த படம், வேறொரு நாட்டுப் படத்தின் அச்சு அசல் நகல் என்று பிறகு தெரிந்து ஊரே சிரித்தது. "இன்னொரு தரம் ஏமாந்தீங்கன்னா அந்த வாரத்தோட உங்க பத்தியை நிறுத்திடுவேன்" என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார். இருபது வருஷமாக எழுதிவந்த பத்தி. அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை, பேரும் இல்லை.

"இது எங்கேயோ திருடின காட்சி," என்றார். "நான் முன்னாடியே படிச்சிருக்கேன். எங்கேன்னுதான் பிடிபடல."

இயக்குநரை உள்ளே கூப்பிட்டார்கள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"திருட்டெல்லாம் இல்லைங்க சார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தப் படமே எடுத்தேன். மாணவனா இருந்தப்பலேர்ந்து மனசுலயே நிக்குது."

"அப்ப எந்தப் பக்கம்னு காட்டுங்க."

இயக்குநர் நாவலைத் தொடவில்லை. "படம் எடுக்கறப்ப நானும் தேடினேன் சார். கிடைக்கல. புதுப் பதிப்புல விட்டுட்டாங்க போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

"இது எந்தப் பதிப்புன்னு தெரியுமா? முதல் பதிப்பு. எங்கப்பா வாங்கினது."

இயக்குநருக்கு முகம் செத்துவிட்டது. ஒளிப்பதிவாளர்கூடப் புத்தகத்தை இழுத்து, கடைசி நூறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கூத்தா இருக்கு" என்று முனகினார்.

பேராசிரியை முப்பது வருஷம் அந்த நாவலைப் பாடம் நடத்தியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். விமர்சகர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. அந்தக் காட்சி நாவல்ல இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணு பேசறதுக்கு முன்னாடியே நீங்க எப்படி வசனத்தைச் சொன்னீங்க? நான் காதால கேட்டேன். கதை வசனத்தை உங்ககிட்ட யாரு குடுத்தா, இவரா?"

"ஐயோ, இவங்கள நான் இன்னிக்குத்தான் சார் நேர்ல பாக்கறேன்," என்று இயக்குநர் எழுந்தேவிட்டார்.

"நீங்க உக்காருங்க. மேடம், இந்த வாரப் பத்தியில எல்லாத்தையும் எழுதப்போறேன். ஒரு நடுவர் விலைபோயிட்டாங்கன்னும் சேர்த்தே எழுதுவேன். அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்ல."

பேராசிரியை கண்ணாடியை மூக்கில் நிதானமாகப் பொருத்திக்கொண்டார்.

"தாராளமா எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. இதை முன்னாடியே படிச்சிருக்கேன்னீங்களே, எப்ப?"

"காலேஜ்ல இருந்தப்பதான். பரீட்சை நேரம்."

"இவரை மாதிரியே, முந்தின நாள் சாயங்காலமா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

பேராசிரியை மேசையில் கிடந்த அறுநூறு பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒளிப்பதிவாளரை, இயக்குநரை, கடைசியில் விமர்சகரைப் பார்த்தார்.

"அந்த நாவலுக்கு என் பேர் போடாம பரீட்சை நோட்ஸ் எழுதிக் குடுத்தது நான்தான் சார். அச்சாகறப்ப கடைசியில ஒரு பக்கம் காலியா நின்னுது, நானே ஒரு காட்சி எழுதி நிரப்பிட்டேன்."