வயிறு காய்ந்த பலகை

கடற்கரைக் கொட்டகையில் ஒரு குண்டுப் பலகையும் ஒரு ஒல்லிப் பலகையும் சாய்ந்திருந்தன. கையில் பாய்த்துணி இறக்கை பிடித்து, அலைக்கு மேலே பறக்கப் பழகுகிறவர்களுக்கான பலகைகள் அவை. குண்டை யாரும் எடுப்பதேயில்லை. இன்றும் கடலுக்குப் போகாவிட்டால், நாளை அது டீக்கடைக்குப் பெஞ்சு.

"தொப்பையண்ணே, இன்னிக்கும் உங்க வயிறு தண்ணி படாம காயத்தான் போகுது" என்றது ஒல்லி. குண்டு, யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தது.

புதிதாகப் பழக வந்த ரெஜினா, அழகில் மயங்கி ஒல்லியைத் தூக்கிப் போனாள். அவள் ஏறியதும் அது தண்ணீருக்குள் முங்கியது. ஏறி ஏறி விழுந்து, உப்புத்தண்ணீர் குடித்துக் களைத்தவள், அதை மணலில் போட்டுவிட்டு வந்து குண்டின் முதுகைத் தட்டினாள்.

"நீயாவது என்னைத் தாங்குவியா?"

"ஏறித்தான் பாரேன், தாயி!"

தாங்கியது. அவள் மண்டியிட்டாள், பலகை ஆடவில்லை. எழுந்து நின்றாள், கவிழவில்லை. இறக்கையில் காற்று நிரம்பியதும் பலகை ஓட்டமெடுத்தது. அடியில் மாட்டியிருந்த உலோகச் சிறகு அதைத் தண்ணீரை விட்டு மேலே தூக்க, சலசலப்பு சட்டென்று அடங்கியது. ரெஜினா போட்ட கூச்சலில் கடற்காகங்கள் கலைந்து பறந்தன.

மணலிலிருந்து ஒல்லி கத்தியது: "அண்ணே, தண்ணி எப்படி இருக்கு?"

"எனக்கென்னடா தெரியும்?" என்று அலைக்கு மேலிருந்து சிரித்தது குண்டு. "நீ சொன்ன மாதிரியே என் வயிறு காய்ஞ்சுபோச்சு!"