கூர் போன கத்தி

கணவர் குளிக்கப் போகும் சமயம் பார்த்து, மரக்கரண்டி குடையும் அந்த வளைந்த கத்தியைத் துவைக்கிற கல்லில் நாலு தேய் தேய்த்து மழுக்கிவிடுவாள் அவள். ஓய்வு பெற்ற கையோடு அவர் கரண்டி செதுக்க உட்கார்ந்ததிலிருந்து விரலில் ஓயாமல் கட்டு. கூர் போனால் காயமும் போகும் என்று நினைத்தாள். அவரோ வாராவாரம் கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று அவர் கொடுத்துவிட்டுத் திரும்பியதும், இவள் கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, அதை இனிமே பேருக்குத் தீட்டுங்க, போதும். கையை வெட்டிக்கிறார்.”

உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, கத்தியின் உள்வளைவைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“கூரான கத்தி சொன்ன இடத்துல போகும்மா. மழுங்கினதுதான், அமுக்க அமுக்க வழுக்கிக் கையில இறங்கும்.”

அவள் முகம் வெளிறியது. “அப்ப இப்பப் படற காயமெல்லாம் என்னாலதானா? நான்தாண்ணே அதைக் கல்லுல தேய்ச்சேன்!”

“அது அவருக்குத் தெரியும்மா.”

“என்னது?”

“கல்லுல தேய்ச்ச தடத்தை முதல் வாரமே காட்டினேன். ‘எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பண்றா. கேட்டா மனசு ஒடிஞ்சிடுவா. நீங்க பேசாம தீட்டிக் குடுங்க’ன்னுட்டார்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“நல்லா தீட்டுங்கண்ணே. நானே கொண்டுபோய் அவர் கையில குடுக்கறேன்.”